கிளிக்காவல்

என் அப்பாவுக்கு இடது கையும் இடது காலும் மிச்சமிருந்தன. சித்திரையில் ஒரு நாள் காலை, பலா மரத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு நசுங்கிப் போனது. ஊர்க்காரர்கள் கம்பளியில் மூங்கிலைக் கோத்து டோலி கட்டி, மலையிறக்கி, ஒடுகத்தூருக்குத் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, கடைசியில் டாக்டர் சொன்னார்: "வீட்லயே வெச்சுப் பாத்துக்கோ தம்பி. ஆனா பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும்."

அந்த ஒரு ஆளுக்காகத்தான் அந்த வருஷம் முழுக்க நான் அலைந்தேன்.

அப்போது நான் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார். எங்கள் வம்சத்தில் பலகையும் பல்பமும் பிடித்த முதல் கை என்னுடையது. அம்மா நான் விடுதியில் படிக்கும்போதே போய்விட்டாள். அக்காவை எங்கள் ஊருக்கு எதிர்ச்சரிவில், ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா தனியாகத்தான் இருந்தார். தனியாக இருக்கிறோம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

முதலில் அவரை என்னுடனேயே வைத்துக்கொண்டேன். சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஓட்டுக்கூரை, எதிரில் நெல் அரைக்கும் மெஷின். பகலெல்லாம் மெஷின் சத்தம், பொழுது போனால் கொசு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தாலும் இடது காலை ஊன்றி மெல்ல மெல்ல அதே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. சுவருக்கு அப்பால் மலை இருந்தது.

"இன்னா நைனா, மேல போவணுமா?" என்றேன்.

வாயை இழுத்து இழுத்து ஏதோ சொன்னார். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. 'இங்க மூச்சு முட்டுது' என்றார்.

திரும்பவும் டோலி.

மேலே அனுப்பியாயிற்று, யார் பார்ப்பது? ஊரில் எல்லாருக்கும் அவரவர் கொல்லைக்காடு, அவரவர் மாடு. நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு அப்பா மிச்சமிருந்த கையால் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஒடுகத்தூரில் விசாரித்து ஒரு ஆயாம்மாவைப் பிடித்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னாப்பா இது, மலைன்னா மலை, மேகத்துலயா வூடு கட்டிக்கினீங்க?" என்று திட்டிக்கொண்டே ஏறி வந்தார்.

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். எந்த மாத்திரை காலையில், எது சாயங்காலம், முதுகுப் புண்ணுக்கு எந்தக் களிம்பு, தண்ணீர் எந்த ஊற்றில். தாள் தாளாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவருக்கும் படிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அப்படியும் ஒட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நான் மலையேறிப் போனபோது ஆயாம்மா பெட்டியின் மேல் குந்தியிருந்தார். அப்பா மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் வீடுகளில் கூரைக்குக் கீழே ஒரு பரண் உண்டு. விதைத் தானியமும் சாப்பாட்டுத் தானியமும் அங்கேதான். முன்னோர் பெயரால் ஏற்றுகிற விளக்கும் அங்கேதான். அந்த வீட்டில் பிறந்தவர்களும் அந்த வீட்டுக்கு வாழவந்தவர்களும் தவிர வேறு யாரும் அதில் ஏறுவதில்லை. ஆயாம்மா சாமை எடுக்க ஏறியிருக்கிறார். அதுவும் குளிருக்குக் காலில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு.

"ஏம்பா, மேல ஏறாம சோறு எங்கேர்ந்து வரும்? ஒங்க சாமி எறக்கிக் குடுக்குமா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. அத்தனை தாள் ஒட்டிய எனக்கு, பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நெருப்பில் கை வைக்காதே என்று வயதுக்கு வந்தவரிடம் யார் சொல்வார்கள்? எனக்கு அது அப்படி ஒரு விஷயமாகவே இருந்தது.

ஆயாம்மாவுக்குக் கோபமில்லை. இறங்கும்போது அப்பாவின் தலைமாட்டில் நின்று, "நல்ல மனுசன்தான் நீ. ஆனா எனக்கு இந்தக் குளிரும் ஒத்துக்கல, ஒன் சாமிக்கு என்னியும் ஒத்துக்கல. வர்றேன்யா," என்றார். அப்பா இடது கையைத் தூக்கினார். கும்பிட இன்னொரு கை இல்லாமல் அது அந்தரத்தில் நின்றது.

அக்காவைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அக்கா எங்கள் வீட்டு ஆள் அல்ல. பரியம், அதாவது பெண்ணுக்கு ஈடான பணம், வாங்கிக் கொடுத்த பெண். ஆனி பிறந்து சாமை விதைக்கும் நேரம், அவள் கை இரண்டும் மாமியார் வீட்டுக் கொல்லைக்குச் சொந்தம். அப்பாவை அவள் வீட்டிலேயே கொண்டுபோய் வைக்கலாமே என்றால், அது நடக்காது. பரியம் வாங்கிய கை அந்த வீட்டுச் சோற்றில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்காவுக்குக் கல்யாணமானதிலிருந்து அப்பா அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மகளைப் பார்க்கப் போனால் வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்து, தான் கொண்டுபோன சுரைக்குடுக்கைத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வருவார். அக்காவும் ஒரு வாய் குடியுங்கள் என்று கேட்கமாட்டாள். கேட்டால் அவருக்கு மறுக்க வேண்டிவரும்.

ஊர்த் தலைவரான கவுண்டர் முன்னிலையில் அந்தப் புளிய மரத்தடியிலேயே பேசினோம். அக்காவின் மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள் வாய்க்கு அந்தச் சரிவு முழுக்க பயந்தது.

"பொண்ண அனுப்பறோம். அப்பனுக்குப் பாக்காம வேற யாருக்குப் பாக்கப் போறா," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா அவ கைக்கு ஒரு கை வேணும்."

"ஆளு வெச்சுக்கலாம் அத்தை, நான் மாசாமாசம் பணம்..."

"துட்டு களை புடுங்குமா?" என்றார் கவுண்டர். "சாமை நேரத்துல ஆளு எங்க கீது? ஒனக்குத்தான் ரெண்டு கையி கீதே. ஞாயித்துக்கெழம நீ வா. பள்ளிக்கூடம் லீவு வுட்டாலும் வா. ஒங்க அக்காளுக்கு நீ மாத்தாளு."

மாத்தாள் என்றால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வேலை செய்வது. மலையில் அது புதிதில்லை. ஆனால் வாத்தியார் மாத்தாளாக வருவது புதிது. மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"சாக்பீஸ் புடிச்ச கையி. மெதுவாத்தான் தொடங்கணும்," என்றார்.

"காலாகாலத்துல ஒரு பொண்ணக் கட்டியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல," என்றாள் அத்தை. "மேல கீற பொண்ணு, ஏரு புடிக்காதவன் எனக்கு இன்னாத்துக்குன்றா. கீழ கீற பொண்ணு, மலையேற மாட்டேன்றா. நடுவுல தொங்கு நீ, பலாக்கா மாதிரி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்படி அப்பாவுக்கு ஆள் கிடைத்தது. அக்கா வந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. வலது கை போனபின் அவருக்குப் பெரிய அவமானம் சாப்பாடுதான். இடது கையால் உண்ண மாட்டார், அடுத்தவர் ஊட்டவும் கூசுவார். அக்கா ஊட்டினால் மட்டும் வாயைத் திறந்தார். "சின்னதுல நீ எனக்கு ஊட்டுனியாமே, அம்மா சொல்லும். கடன் அடைக்கறேன், தொற வாய," என்று அவள் அதட்டுவாள்.

எனக்குத்தான் அவர் கிடைக்காமல் போனார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பஸ் பிடித்து மலையேறி வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மாத்திரை மயக்கத்தில் அப்பா விளக்கேற்றும் முன்பே தூங்கிவிடுவார். ஞாயிறு வெளிச்சம் வருமுன் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். வேலை முடிந்து திரும்பினால் திரும்பவும் தூக்கம். திங்கள் விடியலில் இறக்கம். வாரா வாரம் அவரைப் பார்க்கத்தான் போகிறேன், விழித்திருக்கும் அவரைப் பார்க்காமலே வருகிறேன். பகல் வெளிச்சத்தில், அவர் கண் என்னைப் பார்த்திருக்க, ஒரு பொழுது பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை நான்.

மாமாவின் கொல்லையில் நின்றால் எங்கள் வீடு நேர் எதிரே தெரியும். நடுவில் பள்ளம், அதில் ஓடை. கூப்பிடு தூரம்தான். ஓடையில் வெள்ளம் வந்து சுற்றிப் போக வேண்டியிருந்தால் பாதிப் பொழுது. அப்பா நன்றாக இருந்த காலத்தில் அங்கே நின்று ஒரு குரல் கொடுத்தால் இங்கே மாடு நிமிரும். இப்போது வெயில் ஏறியதும் அக்கா அவரைப் பலா மரத்தடிக்குக் கொண்டுவந்து சாய்த்து உட்கார வைப்பாள். எதிர்ச்சரிவிலிருந்து எனக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். வேட்டி. அது தெரியும்வரை எனக்குக் களை எது பயிர் எது என்று தெரியாது.

"மச்சான், நீ புடுங்கறது சாமை," என்பார் மாமா.

"தெரியுது மாமா."

"தெரிஞ்சேதான் புடுங்கறியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை மூட்டத்தில் புள்ளி வெளியே வரவே இல்லை. அன்றைக்கு நான் வேலை செய்த விதத்தைப் பார்த்து மாமா மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார். "போயிட்டு வா. பாத்துட்டு வா," என்றார். ஓடையில் வெள்ளம். கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். மூட்டம் விலகிய பிறகு, பொழுது சாயப் போகும் நேரத்தில், புள்ளி வந்தது. மாமாதான் முதலில் பார்த்தார். என் முதுகில் தட்டினார்.

புரட்டாசியில் சாமை கதிர் விட்டது. கிளி இறங்கத் தொடங்கியது. கூட்டம் கூட்டமாக வந்து கதிரை உருவிவிட்டுப் போகும். அதை ஓட்டக் காலையிலிருந்து பொழுது போகும்வரை கொல்லையில் ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அது அக்காவின் வேலை. அத்தை என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"வாத்தியாரே, கிளிக்கு ஞாயித்துக்கெழம திங்கக்கெழம தெரியுமா? நீ வர்ற அன்னிக்கு மட்டும் பசிக்குமா அதுக்கு? எனக்கு எம்மருமவ வேணும்."

"அத்தை, அக்கா வந்துட்டா நைனாவ யாரு..."

"நானா ஒங்கப்பன வேணான்றேன்? அந்த ஆளு எங்க வூட்டுல கால் வெக்க மாட்டேன்றாரு. பெரிய ரோஷக்காரரு!" வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் கொல்லையைப் பார்த்தாள். "கையி ஒண்ணு போச்சு, இன்னொண்ணு கீதில்ல? கண்ணு தெரியுதில்ல? குந்திகினே இருக்கறதுக்கு எங்க கொல்லையில வந்து குந்தட்டும். கிளி ஓட்டட்டும்!"

அவள் எரிச்சலில் சொன்னாளா, யோசித்துத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். கொல்லை வீடு இல்லை. அறுத்து வீடு சேராத தானியத்தில் கிளிக்கே பங்கு உண்டு. காவல்காரனுக்குக் கொல்லையில் போடும் சோறு சம்பந்தி வீட்டுச் சோறு இல்லை, அது கூலி.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அக்காவுக்குத் தயக்கமே இல்லை. "நைனா, எங்க கொல்லைக்கு ஒரு காவக்காரன் வேணுமாம். சோறு போடுவாங்களாம். போறியா?" என்றாள்.

அப்பா பார்வையைக் கூரையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "எந்தக் கொல்ல? மேட்டுக் கொல்லயா, பள்ளத்துக் கொல்லயா?" என்று கேட்டார். பேச்சு நசுங்கித்தான் வந்தது. ஆனால் சித்திரைக்குப் பிறகு அவர் எதைப் பற்றியாவது விவரம் கேட்டது அன்றுதான்.

மாமா காவல் குடிசையை அந்த வருஷம் பெரிதாகக் கட்டினார். தரையோடு தரையாக, காற்றுப் பக்கம் தட்டி அடைத்து, உள்ளே புல் பரப்பி, மேலே கம்பளி. கொல்லையின் நாலு மூலையிலும் கழி நட்டு, பழைய டின்களைக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் இணைத்துக் குடிசைக்குள் கொண்டுவந்து அப்பாவின் இடது கையருகே முடிந்தார். கயிற்றைச் சுண்டினால் கொல்லை முழுக்க டின் அதிரும். டோலியிலிருந்து இறக்கி உட்காரவைத்ததும் அப்பா முதல் காரியமாக அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். தூரத்து மூலையில் ஒரு டின் மட்டும் ஊமையாக இருந்தது. அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். மாமா ஓடிப் போய் உள்ளே கல் போட்டுவிட்டு வந்தார்.

அக்கா பக்கத்திலேயே தன் வேலையைச் செய்தாள். இருட்டியபின் மாமா குடிசையில் வந்து படுத்துக்கொண்டார். அத்தை தினமும் கொல்லை வரப்பில் நின்று, "இன்னா காவக்காரரே, தூங்கறியா? அந்த மூலையில கிளி கல்யாணமே நடக்குது!" என்று கத்துவாள். அப்பா கயிற்றை இழுப்பார். அவள் போனபின் பார்த்தால் குடிசை ஓரத்தில் இலையில் சுற்றிய சாமைக் களியும் அவரைக்காய்க் குழம்பும் இருக்கும். கூலி.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. அப்பா இருக்கிற கொல்லையில், அப்பா பார்க்கிற வெளிச்சத்தில் நான் வேலை செய்தேன். பக்கத்தில் உட்கார அவர் விடவில்லை. தண்ணீர் குடிக்க வந்து இரண்டு வார்த்தை பேசினால் தாடையை நிமிர்த்திக் கொல்லையைக் காட்டுவார். 'இன்னா குந்திகினு கீற, போ' என்று அர்த்தம். ஆனால் நான் கொஞ்சம் தூரம் போய்க் குனிந்து, பயிர் மறைத்து, அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் டின் அடிக்கும். நிமிர்ந்து பார்ப்பேன். கிளி இருக்காது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். திரும்பக் குனிவேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப அடிக்கும்.

"ஒங்கப்பன் கிளிய ஓட்டறாரா, ஒன்ன ஓட்டறாரா?" என்பார் மாமா.

கார்த்திகையில் அறுவடை வந்தது. அரையாண்டுத் தேர்வு நேரம். ஆனாலும் கிடைத்த லீவெல்லாம் போட்டேன். அறுத்து முடிந்தால் குடிசை பிரியும், தானியம் வீடு சேரும், அப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் போவார், நான் திரும்பப் புள்ளியைத் தேட வேண்டும். என் அரிவாள் மெதுவாகத்தான் போனது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாம் அறுத்து, குடிசைக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குச் சாமை மிச்சம். நான் அதில் அரிவாளை வைக்கப் போனேன்.

"அத வுடு," என்றாள் அத்தை. "பச்சையா கீது."

அது பச்சை இல்லை. கதிர் கனத்துத் தலை தொங்கி நின்றது. மாமா எட்டிப் பார்த்து, "ஆமா, இன்னும் பழுக்கல," என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

மார்கழி பிறந்தும் அது பச்சையாகவே இருந்தது. சுற்றிலும் அறுத்த அடித்தாள் மட்டும் நிற்கும் கொல்லை, நடுவில் அந்த ஒரு பாய் அளவு சாமை, அதற்குக் காவலாக என் அப்பா. மணி உதிர்ந்து தரையில் கிடந்தது. யாரும் அதைப் பார்க்காதது போலத் தாண்டிப் போனார்கள். பனி அதிகம். அக்கா இரண்டு கம்பளி போர்த்தி, நெருப்புச் சட்டி வைத்திருந்தாள். இப்போது எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், நான் ஆசைப்பட்டபடி. அவர் தாடையை நிமிர்த்திக் கொல்லையைக் காட்டவில்லை. என் கையை எடுத்துக் காய்ப்பு பிடித்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்பா தை மாதத்தில், தன் வீட்டில், பரணுக்குக் கீழே, அக்கா ஊட்டிய கஞ்சி தொண்டையில் இறங்கிய பிறகு போனார். அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஞாயிறு காலைகளில் எனக்கு நினைவு வருவது அந்த மார்கழியின் கடைசிப் பொழுதுதான்.

அன்று பனி விலகி வெயில் வந்ததும் அப்பா முன்னால் சாய்ந்து, தரையில் உதிர்ந்த மணிகளை இடது கையால் கூட்டி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் விவசாயி. நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்ன பொய்யை அவர் எத்தனை நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தாரோ.

"அறு," என்றார்.

"இன்னும் பழுக்கல நைனா."

என்னைப் பார்த்தார். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் பார்க்கும் அதே பார்வை. ஆனால் கடைவாயில், இழுத்துக்கொள்ளாத பக்கம், சிரிப்பு இருந்தது.

"அறுடா. கொட்டுது."

அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு பாய் அகலம்தான். பிடி பிடியாக அறுத்தேன், ஒவ்வொரு பிடியையும் ஒழுங்காக அடுக்கி வைத்தேன், அடுக்கியதைத் திரும்ப அடுக்கினேன். வரப்பில் அத்தை வந்து நின்றாள், திட்டவில்லை. கடைசிப் பிடிக்குக் குனிந்தபோது டின் அடித்தது.

நிமிர்ந்தேன். கொல்லையில் கிளி வந்து தின்ன ஒரு கதிர்கூட இல்லை. அவர் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.